இரண்டிலிருந்து ஒன்றுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிரீசரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பிரிட்ஜ் பழசு. மாதத்துக்கு ஒருமுறை அணைத்துவைத்து, உள்ளே மலைபோல ஏறியிருக்கும் ஐஸைக் கரண்டிக் காம்பால் தட்டித் தட்டி எடுக்கவேண்டும். அடியில் ஒரு பாலிதீன் கவரில் வஞ்சிரம் துண்டுகள் ஒட்டிக்கொண்டு கிடந்தன. கவரைப் பிடித்து இழுத்ததும் ஒரு வாசனை வந்தது. பனியும் மீனும் பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை. கை அப்படியே நின்றுவிட்டது. "என்ன, மரத்துப்போச்சா?" என்று மனைவி கேட்டாள். ஆமாம் என்றேன். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே வாசனை அடித்த ஒரு பிரீசருக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்தேன் என்பதை அவளிடம் எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது? உங்களிடம் சொல்கிறேன். இந்த ஞாயிற்றுக்கு முந்தின புதன்கிழமை ஷீபா போன் பண்ணியிருந்தாள், அதிலிருந்தே நான் நானாக இல்லை. ஷீபா யார் என்று கேட்பீர்கள். வருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

அப்போது நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடிக் கடையில் கம்ப்யூட்டர் மெக்கானிக். விசிட்டிங் கார்டில் 'சர்வீஸ் இன்ஜினியர்' என்று போட்டிருக்கும். பி.எஸ்ஸி. கணக்கில் இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருந்தவனை இன்ஜினியர் ஆக்கியது அந்தக் கார்டுதான். கீழே ஸ்வீட் கடை. மைசூர்பாகு கிளறும் நெய் வாசனை மேலே வந்து எங்கள் சால்டரிங் புகையோடு கலக்கும். இன்றைக்கும் எங்காவது கல்யாணத்தில் மைசூர்பாகு வைத்தால் எனக்கு ஈய வாசனை வரும். இரண்டாயிரத்து மூன்றோ நாலோ இருக்கும். சேலையூர், இரும்புலியூர், பெருங்களத்தூர் என்று எல்லா வீட்டு முன்னறையிலும் ஒரு கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துகொண்டிருந்த காலம். அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டிருப்பார்கள். அதைத் தொடுவதற்கு முன்னால் கை கழுவச் சொல்வார்கள்.

கடைக்காரர் பாஸ்கர் அண்ணா. சிந்தாதிரிப்பேட்டையில் பிறந்தவர். ரிச்சி தெருவில் ரேடியோ ரிப்பேரில் ஆரம்பித்து கம்ப்யூட்டருக்கு வந்தவர். எந்த மெஷினாக இருந்தாலும் மூடியைக் கழற்றும் முன் ஒரு பெருமூச்சு விடுவார். 'பூட் ஆகல' என்று போன் வந்தால் எங்களுக்கு அவர் சொல்லிவைத்த முதல் வேலை, பிளாப்பி டிரைவில் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. பாதி கேஸ் அதுதான். யாராவது பழைய பிளாப்பியை உள்ளே விட்டு மறந்திருப்பார்கள். மெஷின் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, 'டிஸ்க்கில் ஒன்றுமில்லை' என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் நின்றுவிடும். வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய் அந்தப் பிளாப்பியை எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் உடனே எடுக்கக் கூடாது. "கொஞ்சம் யோசிக்கிற மாரி நில்லு. டக்குனு எடுத்துட்டா உனுக்கு இன்னா மரியாத கீது?" என்பார். நானும் நின்றிருக்கிறேன். பத்து நிமிஷம், நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. அந்த நடிப்புக்கு எத்தனை வீட்டில் காபி குடித்திருக்கிறேன் தெரியுமா.

அவர் சொன்ன இன்னொரு விதிதான் இந்தக் கதைக்கு வேண்டியது. அந்தக் காலத்து ஹார்ட் டிஸ்க் இரண்டை ஒரே கேபிளில் மாட்டினால் ஒன்றை மாஸ்டர் என்றும் இன்னொன்றை ஸ்லேவ் என்றும் வைக்கவேண்டும். டிஸ்க்கின் முதுகில் அரிசி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு செருகியிருக்கும், ஜம்பர் என்போம். அது இருந்தால் மாஸ்டர், பிடுங்கினால் ஸ்லேவ். மாஸ்டரை மெஷின் ஒன்று என்று காட்டும், ஸ்லேவை இரண்டு என்று காட்டும். எங்கள் கடையில் வாடிக்கையாளர் டிஸ்க் எப்போதும் ஸ்லேவ். எங்கள் டிஸ்க் எப்போதும் மாஸ்டர். "காப்பி போட சொல்லோ ரெண்டுலேர்ந்து ஒண்ணு. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ரெண்டுலேர்ந்து ஒண்ணு. இத்த மாத்துன, பேஜாராய்டும்" என்பார் பாஸ்கர் அண்ணா. மூன்று வருஷம் அப்படியே செய்தேன். விரல் தானாகவே போய் இரண்டை அழுத்தும், பிறகு ஒன்றை அழுத்தும், பிறகு 'நிச்சயமாகவா?' என்று கேட்கும் கேள்விக்குப் படிக்காமலே ஆமாம் என்று அழுத்தும்.

சாமுவேல் சார் வீடு சேலையூர் தாண்டி, கேம்ப் ரோடு பக்கம். ஒரு ஸ்கூலில் பி.டி. வாத்தியார். நான் அவரிடம் படித்ததில்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பையன்கள் யாருக்கும் அவர் குரலைத் தெரியாமல் இருக்காது. ஸ்போர்ட்ஸ் டே அன்று மைக் போய்விட்டால் மைக்செட்காரர்தான் பதறுவார், சார் பதறமாட்டார். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து 'நில்லு' என்று ஒரு சத்தம் போட்டால் அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருப்பவன் ஒரு கால் தூக்கியபடி நிற்பான். அவர் மனைவி லில்லி டீச்சர், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். ஒரே பெண் ஷீபா. பொத்தேரியில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அவளுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். பாகங்களை வாங்கிவந்து அதைக் கூட்டிக் கொடுத்தது நான்தான். அதிலிருந்து சார் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "வாய்யா டாக்டர்" என்பார்.

அடுத்த வருஷம் அந்தக் குரல் கரகரத்தது. சளி என்றார்கள், பிறகு வேறு என்றார்கள். கடைசியில் குரல்வளையையே எடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். எனக்குப் போன் வந்தது. கரகரப்பாக, ஆனாலும் அதட்டலாக, "டாக்டர், ஒரு மைக் எடுத்துக்கிட்டு வாய்யா. குரலை உள்ள போட்டு வைக்கணும்" என்றார்.

போனேன். மைக்கை மாட்டினேன். விண்டோஸோடு வரும் ரெக்கார்டரைத் திறந்து காட்டினேன். அது ஒரு தடவைக்கு ஒரு நிமிஷம்தான் பதியும், தெரியுமோ? அதற்கு மேல் பதிய வேறு மென்பொருள் தேடிப் போடவேண்டும். எனக்குச் சோம்பல். "ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமா பேசுங்க சார்" என்று சொல்லிவிட்டேன். அவர் பத்து நாள் சாயங்காலங்களில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் ஒரு நிமிஷமாகப் பேசினார். முப்பது நாற்பது பதிவுகள் இருக்கும். காரியக்காரர் அல்லவா, வீட்டுக்கு என்னென்ன வேண்டுமோ அதைத்தான் முதலில் பேசிவைத்தார். 'ஷீபா எழுந்திரு, பஸ்ஸு போயிடும்.' 'லில்லி, கேட் பூட்டியாச்சா?' சாப்பாட்டு ஜெபம் ஒன்று. கிறிஸ்துமஸுக்கு ஒன்று. கடைசியில், என்றைக்கோ நடக்கப்போகிற ஷீபா கல்யாணத்துக்கு அப்பா சொல்லவேண்டிய ஆசீர்வாதம். அது ஒரு நிமிஷத்துக்குள் அடங்காமல் பாதி வாக்கியத்தில் அறுந்து, இரண்டாவது பதிவில் தொடர்ந்தது. எல்லாவற்றையும் சி.டி.யில் எழுதித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கடையில் சி.டி. எழுதும் மெஷின் ஒன்றுதான், அது எப்போதும் சினிமாப் பாட்டு எழுதிக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் சார் என்றேன். அடுத்த வாரமும் அடுத்த வாரம் என்றேன்.

ஆபரேஷன் முடிந்தது. மூச்சே கழுத்திலிருந்த ஓட்டை வழியாகத்தான். அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி. விசில்கூட ஊத முடியாது பாருங்கள், வாய்க்குக் காற்று வந்தால்தானே? லில்லி டீச்சர் ஸ்கூலிலிருந்து ஒரு சிலேட் கொண்டுவந்து கொடுத்தார். ஆனால் தினமும் காலை ஐந்தரை மணிக்கு அந்த வீட்டில் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலிருந்து, நேரம் குறித்துவைத்தபடி தானாகவே சாரின் குரல் வரும். ஷீபா எழுந்திரு, பஸ்ஸு போயிடும். பக்கத்து வீட்டில் ஒரு அம்மாள் அதைக் கேட்டு முதல் நாள் பயந்துபோய் ஓடிவந்தாராம். அப்புறம் அவருக்கும் அதுதான் அலாரம்.

ஒருநாள் ஷீபா பஸ்ஸை விட்டாள். மெஷின் எழவில்லை, அதனால் அவளும் எழவில்லை.

நான் போனபோது கறுப்புத் திரையில் அந்த வெள்ளை வரி நின்றுகொண்டிருந்தது. பிளாப்பியைப் பார்த்தேன், காலி. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த டிரைவில் ஒரு பிளாப்பி இருக்கக்கூடாதா என்று ஏங்கினேன். கேபிளைக் கழற்றி மாட்டினேன். பேட்டரி மாற்றினேன். எங்கள் சாதிக்கே உரிய வைத்தியமாக, மெமரியை எடுத்து ரப்பரால் தேய்த்து மாட்டினேன். மெஷினில் என்னென்ன பாகம் இருக்கிறது என்று காட்டும் பயாஸில் போய்த் தேடச் சொன்னால், ஹார்ட் டிஸ்க் என்று ஒன்றே இல்லை என்றது. கடைசியில் மெஷினை அணைக்காமல் டிஸ்க்கின் மேல் காதை வைத்தேன். டக், டக், டக். பிறகு ஒரு இழுப்பு. பிறகு மறுபடி மூன்று டக். அந்தச் சத்தம் கேட்டால் டிஸ்க் சாகக் கிடக்கிறது என்று எங்கள் தொழிலில் அர்த்தம். நெற்றியைச் சுருக்க நடிக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

பாஸ்கர் அண்ணாவிடம் போனில் கேட்டேன். பிரீசர் வைத்தியம் சொன்னார். டிஸ்க்கை இரண்டு கவரில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாலு மணி நேரம் பிரீசரில் வைத்து எடுத்து, குளிர்ச்சி போவதற்குள் மாட்டினால் சிலசமயம் அரை மணி உயிர் வரும். அதற்குள் காப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். டிஸ்க்கை எடுத்துக் கடைக்கு வா என்றார். வழியில் வண்டிக் குலுக்கலில் மிச்ச உயிரும் போய்விடுமோ என்று பயந்து சார் வீட்டிலேயே செய்கிறேன் என்றேன். அதே கம்பெனி, அதே நாற்பது ஜிபி புது டிஸ்க் ஒன்று வாங்கினேன். ஒரே ஜாதி டிஸ்க் என்றால் காப்பி சண்டையில்லாமல் ஏறும் என்று எங்கள் கடை நம்பிக்கை. அதைக் கடை வழக்கப்படி நாலு டிரைவாகப் பிரித்து, காலி வீடு மாதிரி தயார்பண்ணி எடுத்துப்போனேன்.

லில்லி டீச்சர் பிரீசரிலிருந்த வஞ்சிரத்தை ஓரம் தள்ளி இடம் பண்ணினார். கவரை உள்ளே வைத்து, கதவின்மேல் கை வைத்து ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஸ்கூலுக்குப் போய்விட்டார். வெளியே மழை. நானும் சாரும்தான். நேரம் போகவேண்டுமே என்று, சாருக்கு எங்கள் கடை விதியை எல்லாம் கதையாகச் சொன்னேன். மாஸ்டர் ஸ்லேவ் கதை, இரண்டிலிருந்து ஒன்று, எல்லாம். சார் தலையாட்டிக் கேட்டார். சிலேட்டில் இரண்டு என்று எழுதி ஒரு அம்புக்குறி போட்டு ஒன்று என்று எழுதி என்னிடம் காட்டினார். பாடம் புரிந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு பேரும் சிரித்தோம். அவர் சிரிப்பில் காற்று மட்டும் வந்தது.

பகல் இரண்டு மணிக்கு டிஸ்க்கை எடுத்தேன். மீன் வாசனை. கவரைப் பிரித்ததும் அதன்மேல் பனி பூத்தது. விதிப்படி பழையதை ஸ்லேவ் ஆக்கவேண்டும், அதன் ஜம்பரைப் பிடுங்கவேண்டும். விரல் மரத்துப்போயிருந்தது, ஜம்பர் ஈரத்தில் வழுக்கியது. குறடு பைக்குள் எங்கேயோ. ஒவ்வொரு நொடியும் டிஸ்க் சூடாகிக்கொண்டிருந்தது. சரி போகட்டும் என்று புது டிஸ்க்கின் ஜம்பரைப் பிடுங்கினேன். அது சுலபமாக வந்தது. பழையது மாஸ்டர், புதியது ஸ்லேவ். தலைகீழ், தெரியும். ஞாபகம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மெஷினைப் போட்டேன். டக் சத்தம் இல்லை. டிஸ்க் சுழலும் அந்த மெல்லிய ரீங்காரம் கேட்டது. பயாஸ் இரண்டு டிஸ்க்கையும் காட்டியது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சார் எழுந்து என் பின்னால் வந்து நின்றார். காப்பி போடும் புரோகிராமைத் திறந்தேன். திரையில் ஒன்று, நாற்பது ஜிபி. இரண்டு, நாற்பது ஜிபி. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே பெயர். எங்கிருந்து என்று கேட்டது. என் விரல் மூன்று வருஷமாகப் போகும் வழியில் போனது. இரண்டு. எங்கே? ஒன்று. நிச்சயமாகவா?

அப்போது சார் என் தோளைத் தட்டினார். இரண்டு தட்டு. "இருங்க சார், டைம் இல்ல" என்றேன், திரும்பாமல். ஆமாம் என்று அழுத்தினேன்.

அது வேகமாகப் போனது. நாற்பது ஜிபிக்கு முக்கால் மணி நேரமாவது ஆகவேண்டும். இரண்டே நிமிஷத்தில் நூறு சதவீதம் என்றது. ஆகா, என்ன வேகம் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், பாருங்கள், அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும். காலி டிஸ்க்கைக் காப்பி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? காலி வீட்டைக் கொண்டுவந்து குடியிருந்த வீட்டின்மேல் வைத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். சார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சிலேட். அதில் இன்னும் பழைய இரண்டும் அம்புக்குறியும் ஒன்றும் இருந்தன. நான் எழுந்து நின்று, "டிஸ்க் போயிடுச்சு சார்" என்றேன். நான் அழித்துவிட்டேன் என்று சொல்லவில்லை. டிஸ்க் போய்விட்டது என்றேன். அவர் சிலேட்டை உள்ளங்கையால் துடைத்தார். 'எல்லாமா?' என்று எழுதினார். தலையாட்டினேன். மறுபடி துடைத்தார். 'கல்யாணம்?' என்று எழுதினார். அதற்கும் தலையாட்டினேன்.

இன்னும் ஒரு முயற்சி என்று சொல்லி டிஸ்க்கைக் கடைக்கு எடுத்துப்போனேன். அழிந்ததை மீட்கும் புரோகிராம்களைத் தெரிந்தது தெரியாதது எல்லாம் ஓட்டினேன். மூன்று நாள். அன்றைக்கே அதைத் தொடாமல் வைத்து, நடந்ததைச் சொல்லி, விஷயம் தெரிந்த யாரிடமாவது கொடுத்திருந்தால் அடியில் பெரும்பாலும் எல்லாமே இருந்திருக்கும். இது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சாகக் கிடந்த டிஸ்க்கை நான் மூன்று நாள் குளிரவைத்துக் குளிரவைத்து ஓட ஓட விரட்டினேன். மூன்றாம் நாள், மறுபடி வந்திருந்த டக் சத்தமும் போய், தட்டின்மேல் உலோகம் உரசும் சத்தம் வந்தது. பாஸ்கர் அண்ணா வந்து சுவிட்சை அணைத்தார். எப்படி என்று அவர் கேட்கவில்லை. டிஸ்க்கில் பிடுங்காமலே இருந்த ஜம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அவ்வளவுதான்.

டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கப்போனபோது லில்லி டீச்சர் அழுதுகொண்டே எனக்குக் காபி போட்டார். அவர் அழுவதைப் பார்க்கமுடியாமல் ஒரு பொய் சொன்னேன். குரல் உள்ளேதான் பத்திரமாக இருக்கிறது டீச்சர், வெளியே எடுக்கத்தான் நம்மிடம் மெஷின் இல்லை என்றேன். டீச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ என்ன தம்பி பண்ணுவ, உன்னால ஆனதெல்லாம் பண்ணிட்ட" என்றார். சார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிலேட்டை எடுக்கவில்லை. அதற்கப்புறம் டீச்சர் அவர்கள் சர்ச்சில் எல்லாரிடமும் என்னைப்பற்றிச் சொல்லியிருக்கிறார், அந்தப் பையனைக் கூப்பிடுங்கள், மனசாட்சி உள்ள பையன் என்று. பிறகு நான் தனியாகக் கடை போட்டபோது எனக்கு வந்த வேலையில் பாதி அந்தச் சர்ச்சிலிருந்து வந்ததுதான்.

ஷீபா கல்யாணத்துக்கும் போனேன். ஆசீர்வாதம் சொல்லும் நேரத்தில் சார் மகள் தலையில் கை வைத்தார். உதடு அசைந்தது. ஒரு நிமிஷத்துக்கு மேல் அசைந்தது. நான் பின்வரிசையில் உட்கார்ந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் பிரியாணியும் சாப்பிட்டேன். சாப்பிடாமல் வந்தால் கேட்பார்களே.

சார் போய் ஒன்பது வருஷமாகிறது. டீச்சர் அந்த டிஸ்க்கை பீரோவில், சாரின் வாட்ச், விசில் இரண்டோடும் ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறார். இதற்காகத்தான் ஷீபா புதன்கிழமை போன் பண்ணினாள். எவ்வளவு கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்தும் எடுத்துத் தருகிற இடம் ஒன்று இருக்கிறதாம், அம்மா பீரோவைத் திறந்து கொடுத்துவிட்டாராம், அனுப்புவதற்கு முன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னாராம். பார்க்கலாம்மா என்று வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்த வஞ்சிரக் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபிறகுதான், இதற்குமேல் முடியாது என்று தோன்றியது. மாடிக்குப் போய் ஷீபாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். ஜம்பர், இரண்டு, ஒன்று, மூன்று நாள், பொய், எல்லாம். அந்த இரண்டு தட்டை மட்டும் சொல்லவில்லை. அவர் எதற்குத் தட்டினார் என்று எனக்கே தெரியாது. டீ வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். ஒரு மைதானத்தையே ஒரு சொல்லால் நிறுத்திய மனுஷன், கடைசியில் அவரிடம் இருந்தது ஒரு கை. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஷீபா திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அம்மாகிட்ட சொல்லவேணாம்ணா" என்றாள். "அனுப்பியிருக்கோம், டைம் ஆகும்னு சொல்லிக்கறேன். உங்ககிட்ட கேட்டா நீங்களும் அதையே சொல்லிடுங்க."

அன்று சாயங்காலமே டீச்சர் கூப்பிட்டார். நீ அன்றைக்கே சொன்னாயே தம்பி, குரல் உள்ளேதான் இருக்கிறதென்று, என்றார். ஆமாம் டீச்சர் என்றேன். டைம் ஆகுமாமே என்றார். ஆகும் டீச்சர் என்றேன். "இவ்ளோ வருஷம் இருந்தாச்சு, இன்னும் கொஞ்ச நாள்தானே" என்றார். எழுபது தாண்டிய குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

பாஸ்கர் அண்ணாவின் மாடிக் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். கீழே ஸ்வீட் கடை இல்லை. பிளாப்பி என்றால் என் மகனுக்குத் தெரியாது, ஜம்பர் என்றால் மெக்கானிக்குகளுக்கே தெரியாது. அது போகட்டும். போனை வைத்தபிறகு, சாரின் குரலை நினைவுபடுத்திப் பார்த்தேன். முதல் நாள் அதை மைக்கில் பதிந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன் நான். ஷீபா எழுந்திரு, பஸ்ஸு போயிடும். சொற்கள் அப்படியே இருக்கின்றன. என் மனசுக்குள் அவற்றைச் சொல்வது என் குரலாகத்தான் இருக்கிறது. எப்படி இருக்கும் சார் குரல் என்று யாராவது கேட்டால், சத்தமாக இருக்கும் என்பேன். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.